சேற்றைக் காத்தவர்கள்: ஜெஸ்ஸி பிராண்ட் நினைவுரை

 

இந்த ஆண்டு நினைவுரைக்கு யாரை எடுத்துக்கொள்ளப் போகிறீர்கள் என்று அமைப்புத் தோழர்கள் தொலைபேசியில் கேட்டார்கள். ஜெஸ்ஸி பிராண்ட் என்றேன். சிறிது நேரம் எதிர்ப்பக்கம் சத்தமே இல்லை. பிறகு ஒரு தோழர், "வெள்ளைக்காரப் பாதிரியாரா? நம்ம மேடையிலயா?" என்றார். நியாயமான கேள்விதான். அதற்குப் பதில் சொல்லிவிட்டுத்தான் பேச்சைத் தொடங்க வேண்டும். ஆனால் பதில் பேச்சின் கடைசியில்தான் வரும், கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் ஊர்க்கணக்கு. நாம் கூடியிருக்கும் இந்தச் சேந்தமங்கலத்தில்தான் அந்த மனிதர் முதலில் தங்கியிருந்தார். இங்கிலாந்தின் கில்ட்ஃபோர்ட் பகுதியில் 1885இல் பிறந்தவர். கட்டட வேலை தெரிந்தவர். வெப்பமண்டல நோய்களைப் பற்றி ஓராண்டு மட்டும் படித்தவர். டாக்டர் பட்டம் இல்லை. 1907இல் ஸ்டிரிக்ட் பாப்டிஸ்ட் மிஷன் அவரை இங்கே அனுப்பியது. சேந்தமங்கலத்தில் நின்று வடகிழக்கே பார்த்தால் இன்றைக்கும் என்ன தெரிகிறதோ, அதுதான் அவருக்கும் தெரிந்தது: சுவர்போல எழுந்து நிற்கும் கொல்லிமலை. அன்று 70 கொண்டை ஊசி வளைவும் இல்லை, பேருந்தும் இல்லை. ஒற்றையடிப் பாதையில் நடந்துதான் ஏற வேண்டும். கொல்லிமலை என்றாலே காய்ச்சல் என்று கீழ்நாட்டார் அஞ்சிய காலம் அது. அவர் ஏறினார்.

1913இல் எவலின் ஹாரிஸ் என்ற பெண்ணை மணந்தார். லண்டனில் வசதியான வீட்டில் வளர்ந்து ஓவியம் படித்தவர். இருவரும் மலையில் குடியேறினார்கள். ஜெஸ்ஸி தன் கையாலேயே மரவீடு கட்டினார். தரையிலிருந்து தூக்கிக் கால்கள்மேல் நிறுத்திய வீடு, கறையான் ஏறாதபடி ஒவ்வொரு காலுக்கும் தடுப்பு. 1914 ஜூலை 17 அன்று மகன் பால் பிறந்தான். பிறகு மகள் கானி. மலையாளிப் பழங்குடிப் பிள்ளைகளோடு மரம் ஏறி, ஓடையில் குளித்து, தமிழ் பேசி வளர்ந்த பிள்ளைகள்.

எதற்காக ஏறினார் என்பதையும் சொல்லிவிடுகிறேன். மதம் மாற்றத்தான் ஏறினார். அதை மூடி மறைத்து அவரைச் 'சமூக சேவகர்' ஆக்கும் வேலையை நான் செய்யப் போவதில்லை. மலைமக்களின் சாமியை அவர் சாமியாக ஏற்கவில்லை. அந்தக் காலத்து மிஷன் எழுத்துகளில் நம் ஆதிகுடிகளைப் பற்றி வரும் சொற்களைப் படித்தால் இன்றைக்கும் கோபம் வரும். மக்களும் அவரைச் சும்மா விடவில்லை. மருந்து வாங்கிக்கொண்டார்கள், பல் பிடுங்கிக்கொண்டார்கள், பிரசங்கத்தைக் கேட்டுவிட்டு வீட்டுக்குப் போய்விட்டார்கள். ஆண்டுக்கணக்கில் ஒருவர்கூட மாறவில்லை. பூசாரியின் எதிர்ப்பு வலுவாக இருந்தது. 1918-19இல் உலகம் முழுக்க விஷக்காய்ச்சல் பரவியபோது மலையிலும் சாவு விழுந்தது. கணவனும் மனைவியும் கஞ்சி காய்ச்சி எடுத்துக்கொண்டு குடிசை குடிசையாகப் போய் ஊட்டினார்கள். அந்தப் பூசாரியும் காய்ச்சலில் படுத்தார். சாகும் நேரத்தில் தன் பிள்ளைகளை, தான் எதிர்த்த அதே மனிதரிடம் ஒப்படைத்தார். ரூத் என்ற பெயரில் அந்தக் கைக்குழந்தை பிராண்ட் வீட்டில் வளர்ந்தது. மனம் மாறியதா, வேறு வழி இல்லையா, நாம் தீர்ப்புச் சொல்ல முடியாது. தன் பிள்ளை பிழைக்க வேண்டும் என்று நினைக்கும் தகப்பன் யாரை நம்புகிறான் என்பதை மட்டும் குறித்துக்கொள்கிறேன்.

இனி அவர் கற்றுக்கொடுத்தவற்றுக்கு வருகிறேன். நரம்புச் சிலந்தி என்று ஒரு நோய் இருந்தது. இங்கே இருக்கும் இளைஞர்களுக்குத் தெரியாது, தெரியாமல் போனது நல்லது. குடிதண்ணீரில் இருக்கும் கண்ணுக்குத் தெரியாத சிறு பூச்சிக்குள் அதன் புழு இருக்கும். அந்தத் தண்ணீரைக் குடித்தால் உடம்புக்குள் ஓராண்டு வளர்ந்து, முழ நீளத்துக்கு மேல் நீண்டு, காலில் கொப்புளம் போட்டு வெளியே தலை நீட்டும். எரிச்சல் தாங்காமல் அந்தக் காலைத் தண்ணீரில் வைத்தால் ஆயிரக்கணக்கில் குஞ்சுகளைக் கக்கும். அடுத்தவர் அதே தண்ணீரைக் குடிப்பார். மருந்து கிடையாது. புழு அறுந்துபோகாமல் ஒரு குச்சியில் சுற்றி, நாளுக்குக் கொஞ்சமாக இழுத்து எடுக்க வேண்டும். அறுந்தால் கால் சீழ் பிடிக்கும். ஜெஸ்ஸி அப்படித்தான் எடுத்தார். சிறுவன் பால் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறான்.

எடுத்ததோடு நின்றிருந்தால் அவர் வைத்தியர். தண்ணீரில் கால் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள், கிணற்றுக்குச் சுவர் எழுப்புங்கள், துணியில் வடிகட்டிக் குடியுங்கள் என்று ஊர் ஊராகச் சொன்னார். நோய் போனதன் வழி அதுதான். மருந்தோ தடுப்பூசியோ இல்லாமல், மக்கள் தண்ணீரைக் கையாளும் பழக்கத்தை மாற்றியே ஒழித்த நோய் அது. இந்தியாவில் கடைசி நோயாளி 1996இல் பதிவானார். 2000இல் நாடு நோயற்றதாக அறிவிக்கப்பட்டது. கிணற்றைச் சுற்றிச் சுவர் என்றதும் நமக்கு வேறு நினைவுகள் வரும். நம்மைத் தள்ளிவைக்கக் கிணற்றைச் சுற்றி எத்தனை சுவர்கள், கண்ணுக்குத் தெரிந்ததும் தெரியாததுமாக! இந்தச் சுவர் காலைத்தான் தடுத்தது, ஆளைத் தடுக்கவில்லை. வித்தியாசம் அவ்வளவுதான், ஆனால் பெரிய வித்தியாசம்.

பிள்ளைகளுக்கு அவர் நடத்திய பாடம் வீட்டுக்கு வெளியில்தான் நடந்தது. கறையான் புற்றைப் பிரித்துக் காட்டுவார். குழிநரி என்று நாம் சொல்லும் பூச்சி மணலில் குழி தோண்டிக் காத்திருப்பதைக் குனிந்து பார்க்கச் சொல்வார். காட்டுக்குள் நடக்கும்போது மரத்தை, பறவையை, பூச்சியை நிறுத்தி நிறுத்திக் காட்டுவார். பால் பிற்காலத்தில் உலகறிந்த அறுவைச் சிகிச்சை நிபுணரான பிறகும், தான் கவனிக்கக் கற்றது அப்பாவோடு நடந்த அந்த நடையில்தான் என்று திரும்பத் திரும்ப எழுதினார்.

1923இல் அந்தக் குடும்பம் இங்கிலாந்துக்குப் போனது. 9 வயதுப் பாலையும் தங்கையையும் பள்ளிப் படிப்புக்காக லண்டனில் அத்தை சித்திமார் வீட்டில் விட்டுவிட்டுத் தாயும் தகப்பனும் மலைக்குத் திரும்பினார்கள். சரியா தவறா என்று கேட்டால் எனக்கு விடை தெரியாது. விடுதியில் விடப்பட்டு வளர்ந்தவர்கள் இந்த அரங்கத்தில் பலர் இருக்கிறீர்கள். ஆதிதிராவிடர் விடுதியில், உண்டு உறைவிடப் பள்ளியில், படிப்பு வேண்டும் என்பதற்காக அம்மாவின் கையை விட்டவர்கள். உங்களுக்கு அந்தப் பையனின் மனசு புரியும்.

அப்பாவின் கடிதம் வாரம் தவறாமல் வந்தது. உபதேசம் இருக்கும், ஆனால் அதைவிட அதிகமாக மலை இருக்கும். இன்று எந்த மரம் பூத்தது, எந்தப் பறவை வந்தது, எந்தப் பூச்சியைப் பார்த்தேன். லண்டன் தெருவில் இருந்த பையனுக்குக் கொல்லிமலையைத் தவணை முறையில் அனுப்பிக்கொண்டிருந்தார். 1929 ஜூன் 15 அன்று, மலேரியா முற்றிச் சிறுநீர் கறுத்துப்போகும் காய்ச்சலில் ஜெஸ்ஸி மலையிலேயே இறந்தார். வயது 44. தந்தி உடனே போய்ச் சேர்ந்தது. கடிதங்களோ கப்பலில் வந்துகொண்டிருந்தன. அப்பா செத்துப்போனார் என்று தெரிந்த பிறகும் அப்பாவிடமிருந்து கடிதம் வந்தது. மரங்களைப் பற்றி எழுதியிருந்தார். 15 வயது நிறையாத பையன் அதைப் பிரித்துப் படித்தான்.

இதற்குமேல் இதைப் பற்றிப் பேச என்னால் ஆகாது. அடுத்ததற்குப் போகிறேன்.

பால் பிராண்ட் 1980களில் ஒரு கட்டுரை எழுதினார். கைப்பிடியளவு சேற்றைப் பற்றியது. நான் இன்று இந்த மேடைக்கு வந்ததே அந்தக் கட்டுரையால்தான். கதை இதுதான். கொல்லிமலையின் பள்ளத்தாக்குகளில் படிப்படியாக இறங்கும் நெல்வயல்கள் உங்களுக்குத் தெரியும். மேல் வயலில் நிறையும் தண்ணீர் கீழ் வயலுக்கு, அங்கிருந்து அடுத்ததற்கு. சிறுவர்கள் கூட்டம் தவளை பிடிக்க வயலில் இறங்கி ஓடுகிறது. பாலும் அதில் ஒருவன். தண்ணீர் கலங்குகிறது. ஒரு முதியவர் வரப்பில் மெதுவாக நடந்து வருகிறார். எல்லாரும் அவரைத் தாத்தா என்பார்கள். வயல்களையும் தண்ணீரையும் கண்காணிப்பது அவர் பொறுப்பு. அவர் அடிக்கவில்லை, கத்தவில்லை. குனிந்து ஒரு கை சேற்றை அள்ளிக் காட்டுகிறார். இந்தச் சேறுதான் வருசா வருசம் நெல் கொடுக்கிறது, நம் முன்னோருக்குக் கொடுத்தது, உங்கள் பேரப்பிள்ளைகளுக்கும் கொடுக்கும், ஆனால் கலங்கித் தண்ணீரோடு இறங்கிவிட்டால் மலையேறித் திரும்பி வராது என்று விளக்குகிறார். வரப்பின் வாய்க்கால்களில் புல்கரணை வைத்திருப்பது ஏன் என்றும் காட்டுகிறார்: தண்ணீர் தெளிவாக வழிய வேண்டும், மண் தங்க வேண்டும். அவர் சொன்னதன் சாரத்தை என் சொற்களில் சொல்கிறேன்.

ஆறேழு வயதில் கேட்ட பாடத்தை எழுபது வயதில் எழுதினார் பால் பிராண்ட். உலகம் முழுக்க அந்தக் கட்டுரை படிக்கப்பட்டது. அவருக்குப் பெயர் இருக்கிறது, அவர் அப்பாவுக்குப் பெயர் இருக்கிறது, அம்மாவுக்குப் பெயர் இருக்கிறது. அந்தப் பாடத்தை நடத்திய ஆசிரியருக்கு? தாத்தா. அவ்வளவுதான்.

நான் சமூகவியல் படித்தவன். பெயர் யாருக்குக் கிடைக்கிறது, யாருக்கு உறவுமுறை மட்டும் மிஞ்சுகிறது என்று பார்ப்பது எங்கள் படிப்பின் பழக்கம். பால் பிராண்டைக் குறை சொல்லவில்லை. சிறுபிள்ளை தாத்தாவின் பெயரைக் கேட்டிருக்க மாட்டான். ஆனால் நமக்கு இது புதிதில்லை. என் அப்பாவின் அப்பா எங்கள் ஊர் ஏரியின் நீர்க்கட்டி. மழைக்காலத்தில் ராத்திரி முழுக்கக் கரையில்தான் இருப்பார். எந்த மடையை எப்போது திறக்க வேண்டும், கடைமடைக்குத் தண்ணீர் போக எத்தனை நாழிகை, கரையில் எந்த இடத்தில் ஊறல் எடுக்கிறது என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். ஊர்க்காரர்கள் அவரை "டேய்" என்றுதான் கூப்பிட்டார்கள். களத்துமேட்டில் கடைசியாக அவருக்கு நெல் அளப்பார்கள். அவர் தண்ணீர் விட்ட வயல்களில் ஒரு குழிகூட அவருடையதில்லை. தமிழ்நாட்டின் ஏரிப் பாசன ஊர்களில் நீர்க்கட்டி, கம்புக்கட்டி, மடையன் என்ற பெயர்களில் இந்த வேலையைப் பல இடங்களில் செய்தவர்கள் நம் மக்கள். மடையைக் காத்தவனின் பெயருக்கும் அறிவில்லாதவனைத் திட்டும் சொல்லுக்கும் தொடர்பு உண்டா என்று யாராவது ஆராய்ந்தால் நல்ல ஆய்வேடாக வரும். மாணவர்கள் குறித்துக்கொள்ளுங்கள்.

என் தாத்தா ஒருமுறை சொன்னது நினைவிருக்கிறது. "ஏரி நெறஞ்சா நாட்டாமக்காரன் பேரு, ஒடஞ்சா என் பேரு." பெயர் கிடைக்கும் ஒரே சந்தர்ப்பம் அதுதான்.

அதே கட்டுரையில் எனக்கு ஒப்பாத இடம் ஒன்றும் உண்டு. விடுதலைக்குப் பிறகு மலைச்சரிவுகளில் நிலம் வாங்கியவர்கள் காட்டை வெட்டி உருளைக்கிழங்கு போட்டார்கள், மழையில் மண் கரைந்து ஆறு கலங்கிவிட்டது என்று அவர் வருந்துகிறார். கண்ணால் கண்டதைச் சொல்கிறார், வருத்தம் உண்மையானது. ஆனால் சூழல் பேசுகிறவர்கள் எல்லாரும் ஏறக்குறைய இந்த இடத்தில் நின்றுவிடுகிறார்கள். சரிவில் மண்வெட்டியோடு நிற்பவன் கண்ணுக்குத் தெரிகிறான். அவன் ஏன் சரிவுக்கு வந்தான் என்பது தெரிவதில்லை. 1892இல் ஒடுக்கப்பட்ட மக்களுக்கென்று ஒதுக்கிய பஞ்சமி நிலம் சமவெளியில் யார் கையில் இருக்கிறது என்று கேட்டுவிட்டு அல்லவா சரிவைப் பற்றிப் பேச வேண்டும்?

கொல்லிமலைக்கே வருவோம். சாமை, தினை, கேழ்வரகு, பனிவரகு விளைந்த கொல்லைகளில் மரவள்ளி ஏறியது. சாமை நெருக்கமாக முளைத்து மண்ணை மூடிக்கொள்ளும். மரவள்ளிக் குச்சியை இடைவெளி விட்டு நடுகிறோம். முதல் மழை விழும்போது நடுவில் வெறும் மண். பத்து மாதம் கழித்துக் கிழங்கைப் பிடுங்கும்போது மண் முழுவதும் பொலபொலவென்று கிளறப்படுகிறது. மறுமழையில் இறங்கிப் போகிறது. இது மலைமக்களுக்குத் தெரியாதா? தெரியும். ஆனால் சேலம், ராசிபுரம் பக்கத்துச் சவ்வரிசி ஆலைகள் கிழங்குக்குக் காசு கொடுத்தன. சாமைக்கு யார் காசு கொடுத்தார்கள்? சாமையைக் குத்திப் புடைக்கப் பெண்கள் அரைநாள் உரலோடு நிற்க வேண்டும். பிள்ளையின் பள்ளிக்கூடச் செலவுக்கும் ஆஸ்பத்திரிச் செலவுக்கும் உரல் காசு தராது. 1990களிலிருந்து எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் இங்கே சிறுதானிய வேலையைத் தொடங்கியபோது பலன் தந்தவற்றில் ஒன்று உமி நீக்கும் சிறு இயந்திரம். அறிவுரையைவிட அந்த இயந்திரம் நன்றாகப் பேசியது. பெண்களின் முதுகைக் கணக்கில் எடுக்காத பாதுகாப்பு எதுவும் மலையில் நிற்காது.

இன்னொன்றும் சேர்த்துக்கொள்ள வேண்டும். இதே மலையின் உச்சிகளை வெட்டிப் பாக்சைட்டை லாரியில் ஏற்றி மேட்டூர் அலுமினிய ஆலைக்குக் கொண்டுபோனார்கள். அப்போது கலங்கிய தண்ணீருக்கு எந்தத் தாத்தா யாரை நிறுத்திச் சேற்றைக் காட்ட முடிந்தது? விறகு பொறுக்கிய கிழவியை நிறுத்தத் தெரிந்த அதிகாரத்துக்கு லாரியை நிறுத்த வெகுகாலம் பிடித்தது. 2006இன் வன உரிமைச் சட்டம் கிராம சபைக்குக் காட்டைக் காக்கும் அதிகாரத்தைத் தருகிறது. அதாவது அந்தத் தாத்தாவின் வேலையை எழுத்தில் ஒப்புக்கொள்கிறது. எழுத்தில்.

மலைமேல் சாதி இல்லை, எல்லாரும் ஒன்று என்று ஒரு கதை சொல்வார்கள். அதையும் நான் வாங்கிக்கொள்ளவில்லை. ஆனால் நம் இரு தரப்புக்கும் நடுவே பேச வேண்டியதைப் பேச இந்த மாதிரி மேடைதான் இடம். அதனால்தான் மலைப்பெரியவர்கள் முன்வரிசையில் உட்கார்ந்திருக்கிறார்கள்.

இனி நான் கடன் வைத்த பதில். ஜெஸ்ஸியின் வீட்டில் நடந்த ஒரு காட்சி. ஒருநாள் தொழுநோய் கண்ட மூன்று பேர் மலைவீட்டுக்கு வருகிறார்கள். பிள்ளைகளைத் தள்ளி நிற்கச் சொல்கிறார்கள். அப்பா கையுறை மாட்டிக்கொண்டு புண்ணுக்குக் கட்டுப் போடுகிறார். அம்மா கூடை நிறையப் பழம் தருகிறார். அவர்கள் போன பிறகு அந்தக் கூடையை எரிக்கிறார்கள், கையைத் தேய்த்துக் கழுவுகிறார்கள், அந்த இடத்தில் விளையாடாதே என்கிறார்கள். பால் பிராண்ட் இதை மறைக்காமல் எழுதியிருக்கிறார். மருந்து கொடுத்த கையும் பயந்த கைதான். அவர் கொடுத்ததையும் நான் படித்தேன், எரித்ததையும் படித்தேன். தீட்டு என்ற சொல் இல்லாமலே தீட்டு எப்படி ஒரு நல்ல மனிதரின் வீட்டுக்குள் வந்து உட்கார்கிறது என்று அதில் பார்த்தேன்.

மகன் அந்த இடத்திலிருந்து தொடங்கினார். அப்பாவைப் போலக் கட்டட வேலை கற்று, பிறகு மருத்துவம் படித்து, 1946இன் கடைசியில் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தார். செங்கல்பட்டுத் தொழுநோய் இல்லத்தில் ஒரு நோயாளியின் மடங்கிய விரல்களுக்குள் தன் கையைக் கொடுத்தார். கையுறை இல்லை. அந்தப் பிடி வலிக்கும் அளவுக்கு வலுவாக இருந்தது. அப்படியானால் தசை சாகவில்லை, கையைத் திருப்பித் தரலாம் என்று புரிந்தது. வேலூரிலும் கரிகிரியிலும் ஆயிரக்கணக்கானவர்கள் மறுபடி சோற்றைப் பிசைந்து தின்ன, பேனா பிடிக்க முடிந்தது அந்தப் பிடியால்தான். கரிகிரி கல்லும் முள்ளுமாகக் கிடந்த பொட்டல். அங்கே எர்னஸ்ட் ஃபிரிட்சி என்ற மருத்துவர் வரப்புப் போட்டு, மழைநீரை நிறுத்தி, மரம் வைத்துக் காடாக்கினார். கொல்லிமலைத் தாத்தாவின் பாடத்துக்கு உதாரணமாகப் பால் பிராண்ட் காட்டுவது அந்த இடத்தைத்தான்.

ஆகவே தோழரே, வெள்ளைக்காரரை நம் மேடையில் ஏற்றியது அவர் வெள்ளைக்காரர் என்பதற்காகவும் இல்லை, புனிதர் என்பதற்காகவும் இல்லை. தன் பிள்ளையை அந்தத் தாத்தாவின் வயலில் இறங்க விட்ட தகப்பன் அவர். அன்றைய துரைமார் பங்களாவில் வளர்ந்த பிள்ளைகளுக்கு மலையாளிப் பெரியவர் தோட்டக்காரராக இருந்திருப்பார், பல்லக்குத் தூக்கியாக இருந்திருப்பார். ஆசிரியராக இருந்திருக்க மாட்டார். அந்த வீட்டில் அவர் ஆசிரியராக முடிந்தது. அதனால்தான் தாத்தாவின் பாடம் காகிதத்தில் ஏறி நம் கைக்கு வந்தது. அந்த ஒன்றுக்காக ஜெஸ்ஸி பிராண்டுக்கு என் வணக்கம்.

எவலின் அம்மாவைப் பற்றிச் சொல்லாமல் முடித்தால் என் துணைவியார் என்னை வீட்டுக்குள் விடமாட்டார். கணவர் இறந்தபின் 45 ஆண்டுகள் வாழ்ந்தார். மிஷன் ஓய்வு கொடுத்தபோது வாங்கிக்கொண்டு, ஊருக்குப் போகாமல், எழுபதை நெருங்கும் வயதில் மறுபடி மலையேறினார். குதிரைக்குட்டிமேல் உட்கார்ந்து கொல்லிமலை, பச்சைமலை, கல்வராயன் என்று சுற்றினார். இடுப்பெலும்பு முறிந்தது, மகன் வந்து கெஞ்சினார், இறங்கவில்லை. வீட்டில் முகம் பார்க்கும் கண்ணாடியே வைத்துக்கொள்ளவில்லை. 1974 டிசம்பரில், 95 வயதில் இறந்தார். கணவரின் பக்கத்திலேயே புதைத்தார்கள்.

இரண்டு கல்லறைகளும் வாழவந்தி நாட்டில் இருக்கின்றன. நாளைக் காலை முதல் பேருந்தில் நாங்கள் சிலர் போகிறோம். கல்லறையைப் பார்த்துவிட்டுப் பக்கத்து ஊர்களுக்கு நடப்பதாகத் திட்டம். வயலுக்குத் தண்ணீர் விட்ட பெரியவர்கள் எந்தெந்த வீட்டில் இருந்தார்கள், அவர்கள் பெயர் என்ன, யாருக்காவது நினைவிருக்கிறதா என்று கேட்டு எழுதிக்கொள்ளப் போகிறோம். வர விரும்புகிறவர்கள் இப்போதே பெயர் கொடுங்கள். நோட்டும் பேனாவும் எடுத்து வாருங்கள், செருப்பு நல்லதாகப் போட்டுக்கொள்ளுங்கள். மேலே மழை பெய்திருப்பதாக இந்தப் பெரியவர்கள் சொல்கிறார்கள்.